தாது வருஷப் பஞ்சத்தைப் பல கோணங்களில் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

"ஒரு வரலாற்று நிகழ்வைப் பல கோணங்களில் ஆராய்க" என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் முதலில் மூன்று தலைப்புகளைப் போட்டுவிடுவார்கள்: அரசியல் காரணங்கள், பொருளாதாரக் காரணங்கள், சமூகக் காரணங்கள். பிறகு கையில் இருக்கும் தகவல்களை அந்த மூன்றுக்கும் பங்கு பிரிப்பார்கள். ஒரு தலைப்பின் கீழ் எழுதியது அடுத்த தலைப்பை எங்கேயும் தொடாது. தகவல் நிறைய சேர்ந்திருக்கும், ஆராய்ச்சி தொடங்கியே இருக்காது.

கோணம் என்பது தகவலைப் போட்டு வைக்கும் பெட்டி அல்ல. அது ஒரு கேள்வி. இரண்டு கேள்விகள் ஒரே தகவலைப் பிடித்து இழுக்கும் இடத்தில்தான் புதிதாக ஏதாவது தெரியவரும். அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதை, 1876–78ல் தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். தடுமாற்றம் பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான் வருகிறது.

தொடங்கும் முன் தேவையானவை

அன்றைய சென்னை மாகாணத்தின் வரைபடம் ஒன்று வேண்டும். அப்போதைய சேலம் ஜில்லாவுக்குள் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் இருந்தன. பெல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூரும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவையே. இன்றைய மாவட்ட எல்லையை மனதில் வைத்துக்கொண்டு பழைய புள்ளிவிவரத்தைப் படித்தால் முதல் நாளிலேயே வழி தவறிவிடும்.

அடுத்து, மூன்று நாட்காட்டிகளை ஒன்றாகப் பொருத்திய ஒரு சிறிய அட்டவணை. தாது வருஷம் 1876 ஏப்ரலில் தொடங்கி 1877 ஏப்ரலில் முடிகிறது. அதற்குப் பின் ஈசுவர, அப்புறம் வெகுதானிய. வருவாய்த் துறைக் கணக்குகளோ பசலி ஆண்டில் இருக்கும்: பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்காவிட்டால், ஒரே சம்பவத்தை இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை எழுதிவிடுவீர்கள்.

விலைக்கணக்கில் ஒரு எச்சரிக்கை. அன்றைய அரசு அறிக்கைகள் தானிய விலையை "ரூபாய்க்கு இத்தனை சேர்" என்றே சொல்லும். சேர் என்பது அன்றைய எடை அளவு. அதாவது எண் குறைந்தால் விலை ஏறியிருக்கிறது. இதைக் கவனிக்காமல், பஞ்சம் முற்றிய மாதத்தில் விலை பாதியாகக் குறைந்தது என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆதாரங்கள் மூன்று வகையில் இருக்கட்டும். அரசுத் தரப்புக்கு 1871, 1881 மக்கள்தொகைக் கணக்குகள், 1880ல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1883ல் வெளியான சேலம் ஜில்லா மேனுவல் என்ற மாவட்டக் கையேடு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இதற்கான இடம். பத்திரிகைத் தரப்புக்கு, 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878ல் இரண்டு தொகுதிகளாக எழுதிய பஞ்ச வரலாறு. மூன்றாவதாகத் தமிழ்த் தரப்பு: பஞ்சக் கும்மிகளும் வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்ச லட்சணத் திருமுக விலாச'மும். ஒவ்வொரு கோணத்துக்கும் பிடித்தமான ஆதாரம் ஒன்று இருக்கும். ஒரே வகை ஆதாரத்தை மட்டும் வைத்துக்கொண்டால், எத்தனை தலைப்பு போட்டாலும் கைக்கு வருவது ஒரே கோணம்தான்.

1. முதலில் எல்லையைப் போடுங்கள்

எந்த ஊர், எந்தக் காலம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இந்தப் பஞ்சம் சென்னை, பம்பாய் மாகாணங்களையும் மைசூர், ஹைதராபாத் சமஸ்தானங்களையும் பிடித்தது. இரண்டாம் ஆண்டில் வட இந்தியாவின் சில பகுதிகளுக்கும் பரவியது. இறந்தவர்கள் 55 லட்சம் என்பார்கள், 82 லட்சம் என்பார்கள், 96 லட்சம் என்றும் சொல்வார்கள். எந்தப் பரப்பை, எந்த மாதம் வரை, எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

எனவே எண்ணை எழுதும்போதே அதன் பரப்பையும் சேர்த்து எழுதுங்கள். பரப்பு தெரியாத எண் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் எடுக்க வேண்டாம். முதல்முறை செய்பவர்கள் சேலம் ஜில்லா அளவில் நின்றுகொள்வது நல்லது. மாகாணம் முழுவதையும் எடுத்தால் பெல்லாரியின் வறட்சியும் தஞ்சாவூரின் காவிரிப் பாசனமும் ஒரே சராசரிக்குள் கரைந்துபோகும்.

2. கோணம் இல்லாத காலவரிசை

கோணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: காலவரிசையில் "அதனால்", "எனவே", "விளைவாக" என்ற சொற்கள் எங்கேயும் வரக் கூடாது. தேதி, சம்பவம், யார் சொன்னது என்ற மூன்றே நெடுவரிசைகள்.

1876: தென்மேற்குப் பருவமழை பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னை அரசு 30,000 டன் தானியம் வாங்கியது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. 1877 ஜனவரி 1: விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்த தில்லி தர்பார். அதே மாதம் சர் ரிச்சர்ட் டெம்பிள் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்தார். மார்ச்: நிவாரண வேலைக்கான கூலிப்படி கூட்டப்பட்டது. 1877ன் தென்மேற்குப் பருவமும் கைவிட்டது. ஆகஸ்ட்: ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு லண்டன் மேயரிடம் உதவி கேட்டார், வைஸ்ராய் லிட்டன் சென்னைக்குக் கிளம்பினார். செப்டம்பர், அக்டோபரில் மழை. 1878: காய்ச்சல் சாவுகள், பஞ்சக் கமிஷன்.

"அதனால்" எழுதக் கூடாது என்பதற்குக் காரணம், அந்த ஒரு சொல்லே ஒரு கோணம் என்பதுதான். "மழை பொய்த்தது, அதனால் மக்கள் இறந்தார்கள்" என்று எழுதிவிட்டால் மற்ற கோணங்களுக்கு நுழைய வாசல் இருக்காது.

3. கோணத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்

"பொருளாதாரக் கோணம்" என்று எழுதி வைப்பதால் பயனில்லை. "தானியம் இருந்த ஊரில் ஏன் வாங்க முடியவில்லை?" என்று எழுதுங்கள். "நிர்வாகக் கோணம்" வேண்டாம், "ஒரு கூலியாளுக்கு எவ்வளவு சோறு போதும் என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்?" என்று கேளுங்கள்.

கேள்வி சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தேடிப் போனால் நாம் நினைத்ததற்கு எதிரான பதிலும் கிடைக்கக்கூடுமா? கிடைக்கக்கூடும் என்றால் அது நல்ல கேள்வி. "ஆங்கிலேயர் எப்படிச் சுரண்டினார்கள்?" என்பதில் பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நான்கு கேள்விகளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆதாரம் தேட வேண்டியிருக்கும்.

4. வானிலையிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

1876–78 பலமான எல் நினோ காலம், அதாவது பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகி மழை முறையைக் குலைத்த காலம். வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே ஆண்டுகளில் கடும் வறட்சி. இதை முதலில் பார்ப்பதற்குக் காரணம், மனிதர்கள் எடுத்த முடிவு எதுவும் இதில் இல்லை. இதைத் தாண்டிய எல்லாவற்றிலும் உண்டு.

அன்றே வானத்தில் விடை தேடியவர்களும் இருந்தார்கள். 1877ல் அரசுப் புள்ளியியல் அதிகாரி ஹண்டரும் வானியலாளர் லாக்யரும் சென்னையின் மழைக்கணக்கைச் சூரியப் புள்ளிகளோடு இணைத்துப் பேசினார்கள். அந்தக் கருத்து சரியா தவறா என்பது இங்கே முக்கியமில்லை. பஞ்சத்துக்குக் காரணம் சூரியனில் இருந்தால் சென்னையில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, இல்லையா? வானிலைக் கோணம் அன்று யாருக்கு வசதியாக இருந்தது என்று ஒரு வரி குறித்து வையுங்கள்.

அடுத்து ஒப்பீடு. 1873–74ல் பிகாரிலும் வங்காளத்திலும் வறட்சி வந்தது. பர்மாவிலிருந்து அரிசி வந்து இறங்கியது. சாவு மிகக் குறைவு. ஆக, மழைக்கணக்கு விளைச்சல் ஏன் போனது என்பதை விளக்கும். சாவு ஏன் அந்த அளவுக்குப் போனது என்பதை அது விளக்காது. இந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த கோணத்துக்குப் போங்கள்.

5. சந்தையும் ரயிலும்

சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்கும், ராய்ச்சூர் பக்கமும் அப்போதே ரயில் ஓடியது. ரயில் இருந்ததால் பஞ்சம் குறைந்திருக்கும் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுபோனது ரயில்தான், மறுக்க முடியாது. அதே ரயில் விலை ஏறிய இடத்தை நோக்கி உள்ளூர்த் தானியத்தையும் இழுத்துக்கொண்டு போனது. மழை ஓரளவு பெய்த ஊரிலும் விலை ஏறியது. கூலி மட்டும் ஏறவில்லை; வேலையே இல்லாதபோது கூலி எங்கிருந்து வரும்? இதற்கு நடுவில் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குக் கோதுமை ஏற்றுமதியும் நடந்துகொண்டிருந்தது.

இங்கே இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. "நாட்டில் உணவே இல்லை" என்று எழுதுவது ஒன்று. "உணவு எங்கும் குவிந்து கிடந்தது" என்று எழுதுவது இன்னொன்று. எந்த ஊர், எந்த மாதம், யார் கையில் என்று கேட்காமல் இரண்டையும் எழுதாதீர்கள்.

6. நிர்வாகம்: ஒரு பவுண்டு தானியத்தின் கதை

இங்கே அதிக நேரம் செலவிடுங்கள். மற்ற கோணங்களுக்கெல்லாம் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

பிகாரில் பர்மா அரிசியை இறக்கிச் சாவைத் தடுத்தவரே டெம்பிள். பணத்தைக் கொட்டிவிட்டார் என்று அதற்காகத் திட்டும் வாங்கினார். மூன்று ஆண்டுக்குப் பின் செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்போடு சென்னைக்கு வந்தவரும் அவரேதான். நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், அதோடு ஓரணா என்று நிர்ணயித்தார். நாள் முழுக்க மண் வெட்டி, கல் உடைப்பவருக்கு இதுதான் படி.

சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கும் உடம்புக்கு இது போதாது, தானியத்தோடு பருப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். 1877 மார்ச்சில் சென்னை அரசு அவர் கேட்டதில் பாதி தூரம் வந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. பம்பாய் மாகாணத்திலோ இந்தக் கூலியை எதிர்த்துப் பஞ்சத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாக வேலைத்தளங்களை விட்டு வெளியேறினார்கள். பூனா நகரின் பொதுநல அமைப்பான சார்வஜனிக் சபை அவர்களுக்காக எழுதியது.

எப்படிப் படிக்க வேண்டும்? டெம்பிள் தரப்பு எழுதியதையும் கார்னிஷ் தரப்பு எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எதை ஆதாரமாகக் காட்டுகிறார் என்று மட்டும் முதலில் குறியுங்கள். ஒருவர் கருவூலத்தைப் பார்த்துப் பேசுகிறார், மற்றவர் உடம்பைப் பார்த்துப் பேசுகிறார். யார் நல்லவர் என்ற தீர்ப்பு பிறகு வரட்டும். டெம்பிளை வெறும் கொடியவராக எழுதிவிட்டால், அதே மனிதர் பிகாரில் வேறுவிதமாக நடந்ததை விளக்க வழியில்லாமல் போகும். மாறியது அவர் குணமா, அவருக்கு மேலிருந்து வந்த உத்தரவா? லிட்டனுக்கு அந்த நேரத்தில் ஆப்கானிஸ்தான் எல்லையும் கண்ணில் இருந்தது. 1878ல் போர் வந்தது. கேள்வியை அங்கே கொண்டுபோங்கள்.

டிக்பியைப் படிக்கும்போதும் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். அவர் நிவாரணக் குழுவின் வேலையில் நேரடியாக இருந்தவர். அவர் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அவர் வெளியில் நின்று பார்த்தவர் அல்ல.

7. யார் முதலில் விழுந்தார்கள்?

நிலமில்லாத விவசாயக் கூலிகளும் நெசவாளர்களும்தான். கூலிக்குத் தானியம் வாங்குபவருக்கு வயல் காய்ந்த அன்றே வருமானம் போய்விடும். சாப்பாட்டுக்கே காசில்லாத ஊரில் துணி வாங்க யார் வருவார்கள்? சாதி, தொழில், நிலவுடைமை மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் "ஏழைகள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். சாதிக் கட்டுப்பாடு கஞ்சித் தொட்டி வாசல் வரை வந்தது. பொதுவில் சமைத்ததைச் சாப்பிட மறுத்தவர்களும் உண்டு.

மதமாற்றத்தை எடுத்தால் காலவரிசை உடனே கைகொடுக்கும். அன்றைய நெல்லூர் ஜில்லாவின் ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், கடற்கரையை ஒட்டி வெட்டப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு எடுத்து, தீண்டாமைக்கு ஆளான மாதிகா சாதி மக்களுக்கு அங்கே வேலை கொடுத்தார். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. "சோற்றுக்காக மாறினார்கள்" என்று எழுதக் கை துடிக்கும். நிவாரண வேலை நடந்த மாதங்களில் அவர் ஞானஸ்நானம் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார் என்பதையும் பக்கத்தில் வையுங்கள். சோறு ஒரு காரணமாக இருக்கலாம். சாதியின் அடியில் கிடந்தவர்களுக்குத் தங்களை மனிதராக நடத்திய இடமும் காரணமாக இருக்கலாம். தேதிகள் இரண்டாவதற்கு இடம் கொடுக்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்திலும் அதே காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள், இரண்டையும் ஒப்பிடலாம்.

ஆண், பெண் கணக்கையும் விடாதீர்கள். சாவு விகிதம் பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதலாக ஏறியது. 1878ல் பிறப்புகள் வெகுவாகக் குறைந்தன.

8. இடம்பெயர்வு

1871ல் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 19.67 லட்சம், 1881ல் 16 லட்சம். கழித்துப் பார்த்து, 3.67 லட்சம் பேர் இறந்தார்கள் என்று எழுதுவதுதான் இந்தப் பாடத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த வித்தியாசத்துக்குள் இறந்தவர்கள் இருக்கிறார்கள், பிறக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள், ஊரைவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகளின் இயல்பான பெருக்கமும் அதற்குள் மறைந்திருக்கிறது.

போனவர்கள் எங்கே போனார்கள்? இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு, பர்மாவுக்கு, மொரிஷியஸுக்கு. ராமேஸ்வரம் பக்கம் கடலைத் தாண்டி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். இந்தக் கோணத்தை எடுப்பவர்கள் இலங்கைத் தரப்பு ஆவணத்தையும் தேட வேண்டும். சேலத்துக் கணக்கில் ஒரு ஆள் குறைவது மட்டும்தான் தெரியும். அவர் வழியில் இறந்தாரா, தோட்டத்தில் பெயர் பதிந்தாரா என்பது மறுகரையில் இருக்கிறது.

9. பாட்டும் படமும்

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. படத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் மனம் அங்கேயே நின்றுவிடும், மற்ற ஆதாரங்களைப் பொறுமையாகப் படிக்க முடியாது.

வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இன்றும் பரவலாகக் கிடைக்கின்றன. எலும்பும் தோலுமாக நிற்பவர்களையும் உட்கார முடியாதவர்களையும் வரிசைப்படுத்தி வைத்து எடுத்தவை அவை. அன்றைய கேமராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். அந்த உடல்கள் உண்மை, அந்த அடுக்கு எடுத்தவர் செய்தது. லண்டனில் இருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதற்கு இவை நல்ல சான்று. படத்தில் இருப்பவர் எந்த ஊர், என்ன சாதி, பிழைத்தாரா என்பதற்கு இவற்றில் பெரும்பாலும் பதில் இல்லை.

தமிழ்ப் பாடல்களில் சாவு எண்ணிக்கையைத் தேடாதீர்கள். எந்தத் தானியம் முதலில் மறைந்தது, எதைத் தின்றார்கள், யாரிடம் முறையிட்டார்கள் என்று தேடுங்கள். 'பஞ்ச லட்சணத் திருமுக விலாசம்' அச்சானது 1899ல், பஞ்சம் முடிந்து இருபது ஆண்டுக்கு மேல். மதுரைச் சொக்கநாதர் சிவகங்கை அரசருக்கு எழுதும் திருமுகமாக அது அமைந்திருக்கிறது. சாமியே ஒரு ஜமீனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார் என்றால், அதிகாரம் யாரிடம் இருப்பதாக மக்கள் நினைத்தார்கள் என்ற கேள்வி தானாக வரும். அரசு அறிக்கை எதிலும் அந்தக் கேள்வி வராது.

இன்னொன்றும் கவனியுங்கள். சாவு உச்சத்தைத் தொட்ட 1877ன் நடு மாதங்கள் ஈசுவர வருஷத்தில் வருகின்றன. மக்கள் நினைவில் நின்றதோ தாது. மழை பொய்த்த ஆண்டை நினைவு பிடித்துக்கொண்டிருக்கிறது.

10. கோணங்களை மோத விடுங்கள்

இப்போது ஒரே ஒரு பொருளை எடுத்து, எல்லாக் கேள்விகளையும் அதன்மேல் வையுங்கள். பக்கிங்ஹாம் கால்வாய் இதற்கு நல்ல பொருள். 1877–78ல் நிவாரண வேலையாகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். ஆளுநர் பெயரே அதற்கு நிலைத்தது.

நிர்வாகக் கேள்விக்கு அது சும்மா காசு கொடுக்காமல் வேலை வாங்கும் வழி. சந்தைக் கேள்விக்கு, உப்பும் விறகும் நெல்லும் சென்னைக்கு வரும் நீர்வழி. வடக்கே அதே கால்வாயை வெட்டிய ஓங்கோல் மாதிகாக்களுக்கு அது வாழ்க்கை திரும்பிய இடம். உடம்பைப் பற்றிய கார்னிஷின் கேள்வியை வைத்தால், பட்டினியில் கிடந்தவர்களை மண் வெட்ட வைத்ததால் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் அந்த வேலையாலேயே போனார்கள் என்பது எழுகிறது.

இதை ஓர் அட்டையில் மூன்று வரியாக எழுதுங்கள். முதல் வரி: இந்தக் கோணம் என்ன சொல்கிறது. இரண்டாவது: எந்தக் கோணம் அதை மறுக்கிறது. மூன்றாவது: தீர்த்துவைக்க எந்த ஆதாரம் வேண்டும். மூன்றாவது வரி எழுத வரவில்லை என்றால் அது உண்மையான மோதல் இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி நான்கைந்து அட்டை சேர்ந்தால் கட்டுரைக்குப் போதும்.

11. எழுதும் வரிசை

கோணத்துக்கு ஒரு அத்தியாயம் என்று எழுதாதீர்கள். அட்டைக்கு ஒரு பகுதி என்று எழுதுங்கள். "கூலி எவ்வளவு?", "ரயில் காப்பாற்றியதா?", "3.67 லட்சம் பேர் எங்கே?" என்று பகுதிகள் அமையட்டும். வானிலையும் சந்தையும் சாதியும் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் தேவைப்பட்ட அளவுக்கு வந்து போகும்.

காலவரிசையில் தடை செய்த "அதனால்" இப்போது வரலாம். ஆனால் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எந்த ஆதாரம் அதைத் தாங்குகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். "வழிவகுத்தது" என்ற சொல்லைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். யார் என்ன செய்தார்கள் என்று தெரியாதபோதுதான் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுதி முடித்ததும் தலைப்புகளை மறைத்துவிட்டு, பகுதிகளை இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். எதுவும் கெடாமல் அப்படியே படிக்க முடிந்தால் அவை இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை. அப்போது பத்தாம் படிக்குத் திரும்பிப் போய், இரண்டு பகுதிகளுக்கும் பொதுவான ஒரு பொருளைத் தேடி எடுத்து, புதிய அட்டை எழுதுங்கள்.